விண்வெளித் தொலைநோக்கிக்கு ஹீட்டர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பற்றி நடுப்பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். எங்கள் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் படங்களைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வகையில் சந்தோஷம். ஆனால் கட்டுரையின் நடுவே, விண்வெளி என்பதே பெரிய ஃப்ரிட்ஜ் மாதிரி, மேலே போனதும் தொலைநோக்கி தானாகக் குளிர்ந்துவிடும், குளிர்ந்தால் படம் துல்லியமாகிவிடும் என்று ஒரு விளக்கம் வருகிறது. அது சரியில்லை. படிக்கிற பிள்ளைகள் மனதில் அப்படியே பதிந்துவிடும் என்பதால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். வெட்டுவதானால் என் கடையைப் பற்றிய பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள், எண்களில் கை வைக்காதீர்கள்.

கடையைச் சொல்லாமலும் முடியாது. கும்பகோணத்தில் கடிகாரம் பழுது பார்ப்பவன் நான். இப்போது வருமானமெல்லாம் பேட்டரியும் ஸ்ட்ராப்பும் மாற்றுவதில்தான். ஆனாலும் இந்தப் பக்கத்துக் கிராமங்களில், ஓட்டு வீட்டுக் கூடத்தில் தாத்தா காலத்துச் சாவிக் கடிகாரத்தை விடாமல் ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சித்திரை பிறந்தால் அந்தக் கடிகாரங்கள் மெதுவாகும், மார்கழியில் வேகம் பிடிக்கும். "போன மாசம்தானே சர்வீஸ் பண்ணினீங்க?" என்று சண்டைக்கே வந்துவிடுவார்கள். சர்வீஸில் குறையில்லை. பெண்டுலத்தின் எஃகுக் கம்பி வெக்கையில் நீள்கிறது, கம்பி நீண்டால் ஆட்டம் மெதுவாகிறது, அவ்வளவுதான். ஒரு டிகிரி ஏறினால் நாளைக்கு அரை நொடி தாமதம். பத்து டிகிரி ஏறினால் வாரத்தில் அரை நிமிஷத்துக்கு மேல் போய்விடும். குண்டுக்குக் கீழே இருக்கும் நட்டை இம்மியளவு திருகிக் குண்டை மேலே ஏற்றினால் நேரம் சரியாகிவிடும். கம்பி எவ்வளவு நீண்டது என்று கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். கால் மீட்டர் எஃகுக் கம்பி பத்து டிகிரிக்கு 30 மைக்ரான் நீள்கிறது (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). தலைமுடியின் பருமனில் பாதிகூடத் தேறாது. அந்த 30 மைக்ரானுக்குத்தான் இத்தனை சண்டை.

இந்தத் தொல்லைக்கு மருந்து கண்டவர் சார்ல் எட்வார் கியோம் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். இரும்பு 64 பங்கும் நிக்கல் 36 பங்கும் சேர்ந்த இன்வார் என்ற கலப்பு உலோகம் எஃகு நீள்வதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நீள்கிறது என்று அவர் 1896-இல் கண்டுபிடித்தார். அதற்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசே கொடுத்தார்கள். உசத்தியான கடிகாரங்களின் பெண்டுலம் இன்வாரில் வர ஆரம்பித்தது அப்புறம்தான். தொலைநோக்கி செய்கிறவர்களும் இன்வாரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அதைப் படித்துத் தெரிந்துகொள்ளப் போய்த்தான் எனக்கு இந்த விஷயத்தில் பைத்தியம் பிடித்தது.

சரி, ஃப்ரிட்ஜுக்கு வருவோம். விண்வெளியில் காற்றே கிடையாது. அதனால் நம் ஊரில் சொல்வதுபோல "இன்றைக்கு இத்தனை டிகிரி" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும், ஒரே பொருளின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனிச் சூடு. வெயில் படும் பக்கம் காயும், நிழல் பக்கம் உறையும், இரண்டையும் கலந்துவிடக் காற்று இல்லை. ஹப்பிள் என்ற இன்னொரு விண்வெளித் தொலைநோக்கி பூமியைச் சுமார் 95 நிமிடத்துக்கு ஒரு தரம் சுற்றுகிறது. நாம் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து எழுந்திருப்பதற்குள் அதற்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் முடிந்திருக்கும். வெளித்தோல் ஒவ்வொரு சுற்றிலும் சூடேறிக் குளிர்கிறது. உள்ளே இருக்கும் 2.4 மீட்டர் கண்ணாடியோ கிட்டத்தட்ட 21 டிகிரி செல்சியஸிலேயே நிற்கிறது. ஆமாம், மைனஸ் எல்லாம் கிடையாது, நல்ல ஏ.சி. அறையின் சூடு. நிற்க வைப்பவை கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர்கள். உங்கள் கட்டுரைப்படி பார்த்தால் ஹப்பிளில் ஹீட்டரே இருக்கக்கூடாது.

21 டிகிரி என்பதற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கண்ணாடியைத் தரையில் இழைத்ததும் சோதித்ததும் சாதாரண அறைச் சூட்டில்தான். எந்தச் சூட்டில் வடிவம் பிடித்தார்களோ அதே சூட்டில் வைத்திருந்தால் வடிவம் மாறாது. அது சூட்டுக்கு அநேகமாக நீளவே நீளாத ஒரு விசேஷக் கண்ணாடி, கார்னிங் கம்பெனி வார்த்தது. அப்படியிருந்தும் ஒரு ஓரம் சூடாகவும் மறு ஓரம் குளிர்ச்சியாகவும் இருந்தால் பரப்பு கோணிவிடும். அதனால்தான் இத்தனை காவல்.

ஆனால் உண்மையான தலைவலி கண்ணாடி இல்லை, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் தூரம். ஹப்பிளின் பெரிய கண்ணாடிக்கும் எதிரே உள்ள சின்னக் கண்ணாடிக்கும் இடைவெளி சுமார் 4.9 மீட்டர். இரண்டையும் பிடித்து நிற்கும் சட்டத்தை அலுமினியத்தில் செய்திருந்தால் ஒரே ஒரு டிகிரிக்கு 110 மைக்ரானுக்கு மேல் நீண்டிருக்கும். எஃகு என்றால் அதில் பாதி. இன்வார் என்றால் ஆறு மைக்ரான். ஆறுதானே என்று நினைக்காதீர்கள். ஹப்பிளின் அமைப்பில் சின்னக் கண்ணாடி ஒரு மைக்ரான் நகர்ந்தால், ஒளி ஒன்றுகூடிப் படம் விழும் இடமான குவியம் நூறு மைக்ரானுக்கு மேல் தள்ளிப்போகிறது. ஆகவே கார்பன் இழையும் எபாக்ஸிப் பசையும் சேர்ந்த சட்டம் போட்டார்கள். அது சூட்டுக்கு ஏறக்குறைய நீள்வதே இல்லை.

அப்படியும் முழுசாக அடங்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறும்போது அந்த இடைவெளி சில மைக்ரான் கூடிக் குறைகிறது. ஹப்பிள் மூச்சு விடுகிறது என்றே அந்த வேலையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். அதைவிட விசித்திரம் ஈரம். கார்பன் சட்டம் பூமியில் இருந்தபோது காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தைக் குடித்திருந்தது. வெற்றிடத்துக்குப் போனதும் அந்த ஈரம் கசிந்து வெளியேற, சட்டம் சுருங்கத் தொடங்கியது. முதல் சில வருஷங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் சுருங்கியது. மொத்தச் சுருக்கம் நூறு மைக்ரானைத் தாண்டும். அதற்கு ஈடாக அவ்வப்போது சின்னக் கண்ணாடியை மோட்டார் வைத்துச் சில மைக்ரான் நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். எனக்கு இது படித்தவுடனே புரிந்தது. மரக் கம்பி வைத்த பழைய ஜெர்மன் கடிகாரங்கள் ஐப்பசி அடைமழையில் இதே கூத்தைத்தான் அடிக்கும். ஈரம் ஏறாமல் இருக்க நாங்கள் அரக்கு வார்னிஷ் அடிப்போம்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். 1990 ஏப்ரலில் ஏவியதும் ஹப்பிளின் படம் மங்கலாக வந்ததே, அதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. கண்ணாடியைத் தப்பாக இழைத்துவிட்டார்கள். ஓரத்தில் 2.2 மைக்ரான் பிசகு. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய் அதற்கு ஈடுகட்டும் கருவிகளைப் பொருத்தினார்கள். ஆனால் அதே பயணத்தில் சூரியத் தகடுகளையும் கழற்றி மாற்றினார்களே, அது சூட்டுப் பிரச்சினைதான். பழைய தகடுகள் நிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போதும், வெயிலிலிருந்து நிழலுக்குப் போகும்போதும் சடாரென்று விரிந்து சுருங்கித் தொலைநோக்கியையே உலுக்கின. உலுக்கினால் நட்சத்திரம் புள்ளியாக விழாது.

1997 பிப்ரவரியில் மறுபடி போனவர்கள், வெளியே சுற்றியிருந்த வெப்பக் காப்பு உறை வெடித்து உரிந்து கிடப்பதைப் பார்த்தார்கள். மெல்லிய பளபளப்பான பிளாஸ்டிக் தாள்களைப் பல அடுக்காக வைத்துச் செய்த உறை அது. பல வருஷம் வெயிலில் கிடந்து நொறுங்கிப்போயிருந்தது. விண்வெளி ஓடத்தில் கைவசம் இருந்த காப்புத் தாள்களை வைத்து அங்கேயே ஒட்டுத் துண்டுகள் தயாரித்து மேலே கட்டிவிட்டு வந்தார்கள். பல்லாயிரம் கோடி ரூபாய்ச் சாமானுக்கு ஒட்டுப் போட்ட கதை. இதையெல்லாம் நீங்கள் எழுதினால் யார் படிக்க மாட்டார்கள்? பிறகு 1999-இலும், 2009-இல் கடைசியாகப் போனபோதும் சில இடங்களில் முறையான புது உறை போட்டார்கள்.

இப்போது வெப். 2021 டிசம்பர் 25 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து போனது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அதற்குக் குளிர் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் எதற்கு வேண்டும் என்பதில்தான் உங்கள் கட்டுரை வழுக்கிவிட்டது. வெப் பார்ப்பது அகச்சிவப்பு ஒளி. சூடான பொருள் எதுவானாலும் அந்த ஒளியைத் தானே வீசும். கண்ணாடியும் கருவியும் சூடாக இருந்தால், தொலைவிலிருந்து வரும் மங்கலான ஒளி இவற்றின் சொந்த ஒளியிலேயே அமுங்கிப்போகும். ஆக, குளிர் வைப்பது இருட்டுக்காக. கூர்மை வேறு இடத்திலிருந்து வருகிறது: எந்தச் சூட்டில் நிறுத்தினார்களோ அந்தச் சூட்டிலிருந்து ஆடாமல் இருப்பதிலிருந்து. ஹப்பிள் பிளஸ் 21-இல் ஆடாமல் நிற்கிறது, வெப் மைனஸ் 220, 230 பக்கத்தில் ஆடாமல் நிற்கிறது. வேலை ஒன்றுதான்.

தானாகக் குளிர்ந்துவிடும் என்பதும் பாதிதான் சரி. 21 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் உள்ள ஐந்தடுக்குத் திரையை சூரியனுக்கு எதிரே பிடித்தால்தான் குளிரும். வெயில் பக்கத்து அடுக்கின் தடிமன் 0.05 மில்லிமீட்டர், மற்ற நான்கும் அதில் பாதி. அந்தத் தாள்களுக்கு இந்தப் பக்கம் சுமார் 85 டிகிரி, அந்தப் பக்கம் மைனஸ் 233. மிரி என்ற கருவிக்கு அதுவும் போதாது. ஹீலியத்தை வைத்து ஓடும் தனிக் குளிர்விப்பான் அதை 7 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 266 டிகிரி செல்சியஸுக்கு, கீழே கொண்டுபோகிறது. அந்த நிலைக்கு வந்தது 2022 ஏப்ரல் 7 அன்று. இன்னொரு வேடிக்கை, அந்தத் தொலைநோக்கி குளிர்ந்துகொண்டிருந்த வாரங்களில் உள்ளே ஹீட்டர்களும் ஓடின. எல்லாம் ஒரே நேரத்தில் குளிர்ந்தால், பாகங்களிலிருந்து கசியும் நீராவி போய்க் கருவிகளின் மேல் பனியாகப் படிந்துவிடும். எது முதலில் குளிர வேண்டும், எது கடைசியில் குளிர வேண்டும் என்று வரிசை போட்டுக் குளிர வைத்தார்கள். ஃப்ரிட்ஜில் வைக்கிற வேலையா இது?

வெப்பின் கண்ணாடியை இழைத்த விதம்தான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. 18 அறுகோணத் துண்டுகள், சேர்ந்தால் 6.5 மீட்டர். பெரிலியம் என்ற உலோகம், மேலே தங்கப் பூச்சு. இழைப்பது அறைச் சூட்டில், வேலை செய்யப்போவது அதைவிட 240, 250 டிகிரி கீழே. அவ்வளவு குளிர்ந்தால் எந்த உலோகமும் கொஞ்சம் சுருங்கும், கொஞ்சம் முறுக்கும், ஒவ்வொரு துண்டும் தன் போக்கில். என்ன செய்தார்கள் தெரியுமா? முதலில் இழைத்தார்கள். அப்புறம் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் ஊரில் உள்ள நாசா கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிய வெற்றிடத் தொட்டியில் வைத்துக் குளிர வைத்தார்கள். குளிரில் எங்கே மேடு வருகிறது, எங்கே பள்ளம் வருகிறது என்று படம் எடுத்தார்கள். பிறகு திரும்பக் கொண்டுவந்து, அந்த மேடு பள்ளத்துக்கு நேர் எதிராக, அறைச் சூட்டில் பார்த்தால் தப்பாகத் தெரியும்படி இழைத்தார்கள். குளிர்ந்தால் சரியாகிவிடும் என்று கணக்கு. கையில் இருக்கும்போது பிசகாகவும் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் சரியாகவும் இருக்கும்படி ஒரு சாமானைச் செய்வதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! சித்திரை வெயிலில் என் மேஜையில் இருக்கும் கடிகாரத்தை மார்கழிக்குச் சரியாக வைத்துக் கொடுப்பது மாதிரி. என்னால் முடியாது, சொல்லிவிட்டேன்.

பெரிலியத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. அந்த ஆழ்ந்த குளிரில் அது நீள்வதும் சுருங்குவதும் ஏறக்குறைய நின்றே போகிறது. திரும்பும் திசையைப் பொறுத்து வெயில் விழும் கோணம் மாறி, சூடு இம்மியளவு மாறினாலும் கண்ணாடி கண்டுகொள்ளாது. அப்படியும் இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக் குவியம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். பிசகு மிஞ்சினால் துண்டுகளின் பின்னால் உள்ள மோட்டார்களால் திருத்துகிறார்கள்.

ஐரோப்பியர்களின் யூக்ளிட் தொலைநோக்கி கதையையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலையில் போனது. சில மாதங்களில் நட்சத்திரங்களின் ஒளி குறைந்துகொண்டே வந்தது. உள்ளே கண்ணாடிகளில் மைக்ரானில் சிறு பங்குத் தடிமனுக்குப் பனி படிந்திருந்தது. மொத்தத் தொலைநோக்கியையும் சூடாக்கினால் பனி போய்விடும், ஆனால் எல்லாப் பாகமும் விரிந்து குவியம் குலைந்துவிடும். அதனால் ஒவ்வொரு கண்ணாடியாகச் சூடாக்கிப் பார்க்க முடிவு செய்தார்கள். 2024 மார்ச்சில் ஒரே ஒரு கண்ணாடியை மைனஸ் 147-இலிருந்து மைனஸ் 113-க்கு ஏற்றினார்கள். பார்வை திரும்பிவிட்டது. 34 டிகிரியோடு முடிந்தது வேலை.

நம் ஜில்லா வாசகர்களுக்காக ஒன்று. சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்குப் பெயர் தந்த வானியல் விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகரின் முன்னோர்கள் பழைய தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள். அவருடைய சித்தப்பா சி.வி. ராமன் பிறந்தது திருச்சியில், காவிரிக் கரையில். சந்திராவின் கண்ணாடிகளுக்கும் ஹீட்டர் உண்டு, அதுவும் ஏறக்குறைய அதே 21 டிகிரிக்குத்தான். 1999 ஜூலையில் போன அந்தத் தொலைநோக்கியின் வெப்ப உறைகள் இப்போது நைந்துவிட்டன. ஒரே பக்கமாக ரொம்ப நேரம் திரும்பி நின்றால் சில பாகங்கள் சூடேறிவிடுகின்றன. அதனால் இங்கே கொஞ்ச நேரம் பார், பிறகு அங்கே திரும்பிச் சூடு ஆறு, மறுபடி வா என்று நேரம் பிரித்துத்தான் ஓட்டுகிறார்கள். எந்த நட்சத்திரத்தை எப்போது பார்ப்பது என்பதையே சூடு தீர்மானிக்கிறது.

நம் நாட்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் கோரிக்கை இதில்தான். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட் என்ற செயற்கைக்கோளில், புறஊதா ஒளியைப் பார்க்கும் இரட்டைத் தொலைநோக்கி இருக்கிறது. 375 மில்லிமீட்டர் கண்ணாடி. பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் பக்கத்தில் ஹொசகோட்டேயில் வைத்துக் கோத்தது. சூட்டில் குவியம் குலையாமல் இருக்க அதன் உடம்பில் பெரும்பகுதியை இன்வாரில் செய்திருக்கிறார்கள். ஒன்றரை விகலை அளவுக்குக் கூர்மையான படம் தருகிறது (ஒரு டிகிரிக் கோணத்தை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு விகலை). ஆஸ்ட்ரோசாட்டைப் பற்றி எத்தனையோ செய்தி வந்தது. இன்வாரைப் பற்றி ஒரு வரி நான் தமிழில் படித்ததில்லை. சூரியனைப் பார்க்கப் போன ஆதித்யா எல்-1 விஷயமும் அப்படித்தான். திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்று பெருமையாகப் போட்டோம், போட வேண்டியதுதான். ஆனால் நிழலே விழாத இடத்தில், நாள் முழுக்கச் சூரியனையே வெறித்துப் பார்க்கும் தொலைநோக்கி எப்படிச் சூடேறாமல் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே?

என் தம்பி மகள் தஞ்சாவூரில் மெக்கானிக்கல் படிக்கிறாள். "பெரியப்பா, ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்லதான் பாதிப் பேருக்கு அரியர். அதைப் படிச்சுட்டு எங்க போறது, பாய்லர் கம்பெனிக்கா?" என்கிறாள். செயற்கைக்கோள் கட்டும் இடங்களில் வெப்பத்துக்கென்றே தனிக் குழு இருக்கிறது, வெற்றிடத் தொட்டியில் வைத்து வாட்டி எடுப்பதும் உறைய வைப்பதும் அவர்கள் வேலை, அதற்கு வேண்டியது அந்த அரியர் பேப்பர்தான் என்று நான் சொன்னால் நம்பவில்லை. கடிகாரக் கடைக்காரன் சொல்கிறேன், எப்படி நம்புவாள்? நீங்கள் பெங்களூருக்கு ஒரு நிருபரை அனுப்பி, அந்தக் குழுவில் ஒருவரை உட்கார வைத்துப் பேசி, அரைப்பக்கம் போட்டால் நம்புவாள். ஹீட்டர் எங்கே ஒட்டுகிறீர்கள், எத்தனை டிகிரியில் வைக்கிறீர்கள், அரை டிகிரி தவறினால் படம் என்ன ஆகும் என்று மூன்று கேள்வி கேட்டாலே போதும், மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக ஒரு திருத்தம். உங்கள் பெட்டிச் செய்தியில் வெப்பின் குளிர்ப்பக்கம் "மைனஸ் 40 கெல்வின்" என்று அச்சாகியிருக்கிறது. கெல்வினில் மைனஸ் கிடையாது. அது 40 கெல்வின், அதாவது மைனஸ் 233 டிகிரி செல்சியஸ். அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு ஓரத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கடிகாரக் கடை, கும்பகோணம்.